மொட்டை மாடியில் டாக்டர்: நான்கு வருட இ-சஞ்சீவனி அனுபவம்

அம்மாவுக்குச் சர்க்கரை வந்து 11 வருடம் ஆகிறது. எங்கள் ஊர் போடி மலையடிவாரம். பஸ் பிடித்து டாக்டரைப் பார்த்துவிட்டுத் திரும்பினால் அரை நாள் போய்விடும். 2021 கடைசியில் இ-சஞ்சீவனியில் முதல் டோக்கன் போட்டேன். வீடியோவில் டாக்டரிடம் பேசும் அரசு சேவை, காசு கிடையாது. செல் நம்பர், ஓடிபி, பழைய சீட்டின் போட்டோ, அவ்வளவுதான். பேசி முடித்ததும் மருந்துச் சீட்டு போனுக்கே வந்துவிடும்.

சிக்கல் எங்கள் வீட்டில்தான். கூடத்தில் சிக்னல் நிற்காது; மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டிப் பக்கம்தான் ஒழுங்காக வரும். முட்டிவலிக்காரரைப் படியேற்றி, பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்து, நான் குடை பிடித்து நிற்பேன். டாக்டர் திரையில் தெரிந்ததும் அம்மா கேட்பது, "சாப்பிட்டீங்களாம்மா?"

தொடர் மருந்துக்கு இது பெரிய உதவி. மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி காட்டும் ஹெச்பிஏ1சி ரிப்போர்ட் கையில் இருந்தால் பேச்சு சீக்கிரம் முடியும். தூக்க மாத்திரை மட்டும் நடக்காது. அம்மா அல்பிரசோலம் கேட்டுக் கெஞ்சிப் பார்த்தார். 2020 மார்ச்சில் வந்த தொலைமருத்துவ விதிகளில் அதற்கு இடமில்லை.

ஒருமுறை பாதத்தில் சின்னப் புண். கேமராவில் கொசுக்கடி மாதிரி இருந்தது. "வலிக்குதாம்மா?" என்றார் டாக்டர். "இல்லவே இல்லம்மா" என்று அம்மா பெருமையாகச் சொன்னதும் அவர் முகம் மாறிவிட்டது. "வலிக்காததுதான் பிரச்சினை. நாளைக்கே நேர்ல காட்டுங்க." ஆஸ்பத்திரியில் அம்மாவைக் கண்ணை மூடச் சொல்லி, மெல்லிய நைலான் இழையால் பாதத்தில் அங்கங்கே அழுத்தினார்கள். நான்கு இடத்தில் அவருக்குத் தெரியவே இல்லை; சர்க்கரையால் பாதம் மரத்துப்போயிருந்தது. வீடியோவில் இதை எப்படிப் பார்ப்பது?

அதே போனில்தான் வாட்ஸ்அப் வழியாக வெண்டைக்காய் ஊறிய தண்ணீரும் வந்தது. நாத்தனார் அனுப்பியதாயிற்றே! அம்மா என்னிடம் சொல்லாமல் பத்து நாள் மாத்திரையை நிறுத்திவிட்டார். வெறும் வயிற்றில் சர்க்கரை 262.

இடையில் ஒரு கட்டணச் செயலியும் பார்த்தேன். காத்திருப்பு குறைவுதான். ஆனால் சந்தா தானாகப் புதுப்பித்துப் பணம் போனது, அப்புறம் தினமும் 'டெஸ்ட் பேக்கேஜ்' போன்கள். நீக்கிவிட்டேன்.

பழைய நோய், பழைய மருந்து என்றால் தயங்காமல் பயன்படுத்தலாம். நெஞ்சு வலி, மூச்சுத் திணறலுக்கு டோக்கன் போட்டு உட்கார வேண்டாம், 108-ஐ அழையுங்கள்.

போன மாதம் கூடத்திலேயே வைஃபை போட்டாச்சு. அம்மா இன்னும் மாடிக்குத்தான் போகணும் என்கிறார். கீழே பேசினால் எதிர்வீட்டுக்குக் கேட்குமாம்.