நடைபவனியா, சொக்லேட் பெட்டியா, கேக் மேசையா?

கடைக்குட்டி இப்போது பத்தாம் வகுப்பு. செப்டம்பர் பிறந்ததும் ஒரு கேள்வியோடு வந்தாள். மாணவர் சங்கம் உணவு வங்கிக்குக் காசு சேர்க்கப் போகிறதாம், நடைபவனி வைப்பதா, சொக்லேட் விற்பதா, கேக் மேசை போடுவதா? கனடாவில், ரொறன்ரோவின் ஸ்காபரோவில் மூன்று பிள்ளைகளைப் பள்ளிக்கூடம் அனுப்பி மூன்றிலும் மாட்டுப்பட்டவன் என்பதால் எனக்கு இதில் சொல்லக் கொஞ்சம் இருக்கிறது.

சொக்லேட்டை முதலில் முடித்துவிடுகிறேன், எனக்கு அதில் பிடிப்பே இல்லை. பெட்டி விலையில் பாதிக்குப் பக்கமாகக் கம்பெனிக்குத்தான் போகும். பிள்ளை அயலட்டையில் இரண்டு கதவைத் தட்டும், மூன்றாம் நாள் பெட்டி அப்பாவின் வேலைத்தலத்துக்கு வந்துவிடும், மிச்சத்தை நாங்களே வாங்கி நாங்களே தின்போம். அந்தக் காசை நேரே கொடுத்திருந்தால் முழுசாகப் போய்ச் சேர்ந்திருக்கும்.

கேக் மேசை அப்படியில்லை. மா, சீனி, பட்டர் எல்லாம் வீட்டுச் செலவு, விற்ற காசு அப்படியே கையில் நிற்கும், ஒரு மத்தியான இடைவேளையில் வேலையும் முடிந்துவிடும். ஆனால் ஒன்ராறியோவில் 2011 செப்டம்பரிலிருந்து பள்ளியில் விற்கும் உணவுக்கு ஊட்டச்சத்து விதிகள் உண்டு, அதற்கு விலக்காக அதிபர் வருடத்துக்கு 10 நாள்தான் ஒதுக்கலாம், அந்தப் பத்துக்கும் எல்லாக் கழகங்களும் அடிபடும். அப்புறம் ஒவ்வாமை. ஒவ்வாமையுள்ள பிள்ளைகளைப் பள்ளியில் காப்பதற்கான சப்ரினா சட்டம் 2006இல் நடைமுறைக்கு வந்தபின் பள்ளிச்சபைகள் இதில் விட்டுக்கொடுக்க மாட்டா. மனைவி விடிய விடிய இருந்து பிடித்த லட்டு, முந்திரிப்பருப்புக்காக வாசலோடு திரும்பி வந்த கதை எங்கள் வீட்டில் இன்னும் ஓடுகிறது.

நடைபவனி என்றால் பிள்ளைகள் நடப்பார்கள், தெரிந்தவர்கள் அதற்காகக் காசு கொடுப்பார்கள். வாங்கி விற்க ஒன்றும் இல்லை, அதுதான் அதன் பலம். இந்த நாட்டுப் பிள்ளைகளுக்கு அதை விளங்கப்படுத்தவும் தேவையில்லை. 1980 ஏப்ரலில் செயின்ற் ஜோன்ஸில் தொடங்கி, ஒரு செயற்கைக் காலோடு 143 நாளில் 5,373 கிலோமீற்றர் ஓடிய ரெரி ஃபொக்ஸ், புற்றுநோய் ஆராய்ச்சிக்காகக் கனடியர் ஆளுக்கு ஒரு டொலர்தான் கேட்டார். அவர் பெயரிலான ஓட்டத்துக்கு இன்றும் நுழைவுக்கட்டணம் கிடையாது. விளக்கவேண்டி வந்தது அம்மம்மாவுக்குத்தான். கதிர்காமத்துக்கு நடந்தே போனவர். "நேர்த்தி வைச்சு நடந்தால் சரி, இதுக்கு ஏன் பிள்ளை ஆக்களிட்டைக் காசு கேட்கிறாய்?" என்றார். கேட்டுவிட்டு 20 டொலரும் கொடுத்தார்.

சிக்கல் இருப்பது சுற்றுக்கு இவ்வளவு என்று எழுதி வாங்குவதில். மூத்தவனின் முறையில் அவன் மாமா சுற்றுக்கு 50 சதம் என்று எழுதினார், ஐந்து டொலரோடு போய்விடும் என்ற நினைப்பு. இவன் நெடுந்தூர ஓட்டக்காரன், 40 சுற்று முடித்துவிட்டு வந்து நின்றான். மாமா 20 டொலரைக் கொடுத்தார், ஆனால் அடுத்த வருடம் பேனாவையே தொடவில்லை. அதனால் சுற்றுக்கணக்கு வேண்டாம், ஒரே தொகை, அதுவும் நடப்பதற்கு முன்பே வாங்கிவிட வேண்டும். நடந்து முடிந்தபின் வாக்குறுதிக்குப் பின்னால் அலைவது நடையைவிடக் களைப்பு.

வீதியில் நடப்பதென்றால் அனுமதி, பாதுகாப்பு என்று தலையிடி, பள்ளி மைதானம் போதும். ஒக்டோபர் மழைக்கு முன் வைத்துவிடுவது நல்லது. வகுப்பு நேரத்துக்கு வெளியே வைத்தால் உயர்பள்ளி டிப்ளோமாவுக்கு வேண்டிய 40 மணிநேர சமூகசேவையில் கொஞ்சத்தைக் கழிக்கலாமா என்று பார்த்து, தண்ணீர் மேசையில் நிற்கவும் பிள்ளைகள் வருவார்கள்.

முந்நூறு டொலர் போதுமென்றால் நான் கேக் மேசை என்றுதான் சொல்லியிருப்பேன். உணவு வங்கிக்கு என்பதால் நடைபவனி. மகளுக்கும் சரி. மாமாவிடம் போய்க் கேட்பது யார் என்பதில்தான் இப்போது வீட்டில் தகராறு.