வெள்ளோடா, நஞ்சராயன் குளமா? பறவை பாக்க எங்க போலாம்

தை மாசம் வந்தா ஒறம்பரைங்க கேக்கற ஒரே கேள்வி, "நீதான் வாராவாரம் குருவி பாக்க போறியாமே, எங்களையும் எங்கயாச்சும் கூட்டிட்டுப் போறது"ன்னுதான். ஈரோட்டுக்காரங்ககிட்ட கேட்டா வெள்ளோடு பறவைகள் சரணாலயம்பாங்க, திருப்பூர்க்காரங்க நஞ்சராயன் குளத்த விட்டுக் குடுக்கவே மாட்டாங்க, கோயமுத்தூர்க்காரங்க எதுக்குங்க அவ்ளோ தூரம்னு சிங்காநல்லூர் குளத்தக் காட்டுவாங்க. நமக்கு ஊரு பல்லடம், அதனால யாரு பக்கமும் சாயாம சொல்லலாம்.

ராம்சார் பட்டியல்ல, அதாவது உலக அளவுல முக்கியமான ஈரநிலங்க பட்டியல்ல, வெள்ளோடு 2022ல வந்துச்சு, நஞ்சராயன் 2024 ஆகஸ்ட்ல வந்துச்சு. பரப்பளவு பாத்தா வெள்ளோடு 77 ஹெக்டேர், நஞ்சராயன் 125க்கு மேல. ஆனா இத வெச்சு முடிவு பண்ணாதீங்க, குளத்துக்குள்ள மரம் நிக்குதா, கரையோரம் சேறு தெரியுதா, அதுதான் கணக்கு.

வெள்ளோட்டுல மரம். தண்ணிக்குள்ள நிக்கற கருவேல மரத்து மேல கூழைக்கடா, பாம்புத்தாரா, நீர்க்காகம், அரிவாள்மூக்கன்னு கூட்டம் கூட்டமா உக்காந்திருக்கும், எல்லாம் பெரிய பெரிய பறவைங்கறதால பைனாகுலர் இல்லாத பசங்களுக்கும் பாதி தெரியும். கூழைக்கடா குஞ்சு, தாயோட வாய்ப்பைக்குள்ள தலைய முழுசா விட்டு மீன் எடுக்கறத ஒருக்கா பாத்துட்டாங்கன்னா அப்புறம் போன் கேக்கமாட்டாங்க. சுத்துப்பட்டு ஊர்க்காரங்க பறவைங்க மெரளும்னு தீபாவளிக்குப் பட்டாசே வெடிக்கறதில்லைங்க, அதுக்கே ஒரு கும்பிடு போடணும். மழையும் கீழ்பவானி வாய்க்கால் தண்ணியும் வந்தாத்தான் எல்லாமே. ஒரு மே மாசம் தெரியாத்தனமா பதினோரு மணி வெயில்ல போயி, வெடிச்ச தரையையும் நாலு கொக்கையும் பாத்துட்டு வந்தேன், கூட வந்த மச்சான் இன்னமும் சொல்லிக் காட்டறாரு.

நஞ்சராயன் குளம் வேற மாதிரி. திருப்பூர்ல இருந்து ஊத்துக்குளி ரோட்டுல கூலிபாளையம் நால்ரோடு பக்கம். நல்லாறு தண்ணி, அதோட ஊரு தண்ணியும் சேந்துதான் வருது, கலங்கலாத்தான் இருக்கும், மூக்கச் சுளிக்கறவங்களக் கூட்டிட்டுப் போகாதீங்க. ஆனா தண்ணி கொஞ்சம் எறங்குனதும் சேறு தெரியும் பாருங்க, அப்ப உள்ளான், நெடுங்கால் உள்ளான், ஆள்காட்டின்னு ஓடிட்டே இருக்கும், நடுக்குளத்துல ஊசிவால் வாத்து, நீலச்சிறகி, தட்டைவாயன் எல்லாம் மிதக்கும். இமயமலையத் தாண்டி வர்ற வரித்தலை வாத்தும் அப்பப்ப இங்க எறங்கும். முதல்தடவ அதோட தலையில ரெண்டு கறுப்புக் கோட்டப் பாத்துட்டு, பக்கத்துல மாடு மேச்சுட்டு இருந்த அப்பாருகிட்டப் போயி காட்டுனேன், "இதா? இது வருசாவருசம் வருது கண்ணு"ன்னு சாதாரணமா சொல்லிட்டாரு.

கஷ்டம் என்னன்னா பாதிப் பறவை தூரத்துல பழுப்பு நெறத்துல ஒரே மாதிரி தெரியும், 8×42 பைனாகுலராச்சும் இல்லைன்னா புள்ளி புள்ளியா பாத்துட்டு வரவேண்டியதுதான், பொறுமையும் வேணும், சின்னப்பசங்க பத்து நிமிசத்துல "போலாமா"ன்னு ஆரம்பிச்சுருவாங்க.

சிங்காநல்லூர்? 288 ஏக்கர், நொய்யல் தண்ணி, 2017ல மாநகராட்சியே நகர்ப்புற பல்லுயிர் மண்டலம்னு அறிவிச்ச குளம். ஆகாயத்தாமரை மூடிட்டா நாமக்கோழியும் தாழைக்கோழியும்தான் தெரியும். ஆபீஸ் போறதுக்கு முன்னாடி வெடியால ஒரு மணி நேரம் நிக்கறதுக்கு அருமை, இதுக்குன்னு லீவு போட்டுட்டு வராதீங்க.

என்னையக் கேட்டா, ஒறம்பரை வந்தா வெள்ளோடு, தனியாப் போனா நஞ்சராயன், அதும் ஜனவரி கடைசில இருந்து பிப்ரவரிக்குள்ள. ரெண்டுக்கும் வெடியால ஆறரைக்கெல்லாம் கரையில நிக்கணும், சூரியன் முதுகுக்குப் பின்னாடி இருக்கற மாதிரி எடம் பாத்துக்குங்க, இல்லைன்னா எல்லா வாத்தும் கறுப்பு வாத்துதான். செவப்பு சட்டை வேண்டாம். தண்ணி பாட்டில் எடுத்துட்டுப் போங்க, அப்புறம் அத அங்கயே போட்டுட்டு வராதீங்க சாமி.