கல்லறைப் படங்களை எங்கே சேர்ப்பது? எல்லைப் பக்கத்துக்கு எது பொருந்தும்?

தமிழ்நாடு–கேரள எல்லையில் உள்ள களியக்காவிளை, பாறசாலைப் பக்கம் முன்னோரைத் தேடுகிறவர்களுக்கு முதல் சிக்கல் 1956-இல் தொடங்குகிறது. அந்த ஆண்டு நவம்பர் 1-ஆம் தேதி கன்னியாகுமரி மாவட்டம் தமிழ்நாட்டோடு சேர்ந்தபோது, ஒரே குடும்பத்தின் கல்லறைகள் இரண்டு மாநிலங்களில் ஆகிவிட்டன. தாத்தாவின் கல் தமிழில் இருக்கும். பாறசாலையிலேயே தங்கிவிட்ட அவர் தம்பியின் கல் மலையாளத்தில் இருக்கும். வெளிநாட்டிலிருந்து பேரப்பிள்ளைகள் படம் கேட்கிறார்கள். இங்கே நம் பிள்ளைகளும் ஆர்வமாகக் கைபேசியோடு கிளம்பிவிடுகிறார்கள். எடுத்ததை எங்கே சேர்ப்பது என்பதில்தான் குழப்பம். ஃபைண்ட் எ கிரேவ், பில்லியன்கிரேவ்ஸ் என்று இரண்டு தளங்கள். மூன்றாவதாகக் கோயில் (தேவாலய) அலமாரியில் கிடக்கும் அடக்கப் பதிவேடு. என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: நம் பக்கத்துக்குப் பதிவேடுதான் முதலில். இணையத்தில் ஒன்றே ஒன்று போதும் என்றால் ஃபைண்ட் எ கிரேவ்.

பில்லியன்கிரேவ்ஸ் 2011-இல் அமெரிக்காவின் யூட்டாவில் தொடங்கியது. செயலியைத் திறந்து வரிசையாகப் படம் எடுத்துக்கொண்டே போகலாம். ஒவ்வொரு படத்தோடும் ஜிபிஎஸ் இடக்குறியும் சேர்ந்துவிடும். கல்லில் உள்ளதை எழுத்தில் ஏற்றும் வேலையை வேறு தன்னார்வலர்கள் அவரவர் வீட்டில் இருந்தே செய்வார்கள். பெரிய கல்லறைத் தோட்டத்தை ஒரே மூச்சில் முடிக்க இதைப்போல வசதி வேறில்லை. ஆனால் அந்தத் தன்னார்வலருக்குத் தமிழ் தெரிய வேண்டுமே! தெரியாவிட்டால் படம் அப்படியே கிடக்கும். ரப்பர் மரங்களுக்கு அடியில் ஜிபிஎஸ் சில மீட்டர் தள்ளியும் காட்டும். நெருக்கி நெருக்கிக் கட்டிய நம் தோட்டங்களில் சில மீட்டர் தள்ளினால் வேறொரு குடும்பத்தின் கல்லறை.

அதைவிடப் பெரிய தொல்லை தேதி. பழைய திருவிதாங்கூர்க் கல்லில் ‘1075 தை’ என்று மட்டும் வெட்டியிருந்தால் அது கொல்லம் ஆண்டு. ஊர் தெரியாதவர் அதை அப்படியே அடித்தால், இறந்தவர் சோழர் காலத்துக்குப் போய்விடுவார். கொல்லம் ஆண்டு ஆவணியில் பிறக்கிறது. ஆவணியிலிருந்து டிசம்பர் முடிய 824-ஐயும், ஜனவரியிலிருந்து ஆடி முடிய 825-ஐயும் கூட்ட வேண்டும். 1075 ஆவணி என்றால் 1899. 1075 தை என்றால் 1900. மார்கழி மட்டும் இரண்டு ஆங்கில ஆண்டுகளில் விழும் என்பதால் நாளையும் பார்க்க வேண்டும். இந்தக் கணக்கு தெரிந்தவர்தான் எழுத்தில் ஏற்ற வேண்டும். ஆகவே இந்தத் தளத்தில் சேர்ப்பவர்கள் அந்த வேலையை அடுத்தவருக்கு விடாமல் தாங்களே முடித்துவிடுவது நல்லது.

ஃபைண்ட் எ கிரேவ் 1995-இல் வந்தது, 2013-இல் வம்சாவளி தேடும் தளமான ஆன்செஸ்ட்ரி நிறுவனம் வாங்கியது. பார்க்கவும் சேர்க்கவும் காசு கிடையாது. இங்கே படம் இல்லாமலும் ஒருவருக்குப் பக்கம் தொடங்கலாம். பொதுக் கல்லறைத் தோட்டத்துக்கு வெளியே அடக்கம் செய்ததாகவும் பதியலாம். நம் ஊருக்கு இது மிக முக்கியம். இங்கே எத்தனையோ பேரை வீட்டைச் சுற்றிய நிலமான புரையிடத்திலேயே அடக்கம் செய்திருக்கிறார்கள். தலைமாட்டில் ஒரு கருங்கல்லோ வெறும் மண்மேடோதான் அடையாளம். அங்கே படம் எடுக்க எழுத்தே இல்லை. சொல்ல ஆள்தான் இருக்கிறார்கள். “ஒனக்க பூட்டனுக்க குழி அங்கன இல்ல மக்களே, இந்தப் பிலாமூட்டுல” என்று ஒரு பாட்டி பலாமரத்தடியைக் கைகாட்டினால், அந்த ஒரு வரியைப் பதிந்து வைக்க இடம் வேண்டும். ஃபைண்ட் எ கிரேவில் அதற்கு இடம் இருக்கிறது. வீட்டு நிலம் என்றால் ஊர்ப் பெயரோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அங்கே இன்னும் ஆட்கள் குடியிருக்கிறார்கள்.

அதிலும் குறை உண்டு. குடும்பப் பெயருக்குத் தனிக் கட்டம் வைத்திருக்கிறார்கள். நமக்கோ தகப்பன் பெயரின் முதலெழுத்துதான் உண்டு. ஒருவர் தகப்பன் பெயரைப் போடுவார், இன்னொருவர் வீட்டுப் பெயரைப் போடுவார். அண்ணனும் தம்பியும் தேடலில் ஒன்றாக வரவே மாட்டார்கள். ஞானமுத்துவை ஆங்கிலத்தில் குமரிக்காரர் ‘ஜி என்’ என்று தொடங்குவார், பாறசாலைக்கு அந்தப் பக்கம் ‘என் ஜே’ என்பார்கள். இதற்கு நான் கண்ட வழி, வாழ்க்கைக் குறிப்புப் பகுதியில் கல்லில் உள்ளதை வரி மாறாமல் தமிழிலோ மலையாளத்திலோ அடித்து, தகப்பன் பெயரை முழுதாக எழுதிவிடுவது. பக்கத்தைத் தொடங்கியவரே அதை நிர்வகிப்பார். நான்கு தலைமுறைக்குள் நேர் உறவாக இருப்பவர் கேட்டால் மாற்றிக் கொடுக்க வேண்டும் என்பது தளத்தின் விதி. நல்ல விதி. இரண்டு தளங்களின் பெயர்ப்பட்டியலையும் குடும்ப வரலாறு தேடும் தளமான ஃபேமிலிசெர்ச்சில் இலவசமாகத் தேடலாம் என்பதால், எதில் சேர்த்தாலும் தேடுபவர் கைக்குப் போய்ச்சேர வழி உண்டு.

ஐரோப்பியர் கல்லறைகளைப் பற்றி நாம் கவலைப்பட வேண்டாம். 1976-இல் பிரிட்டனில் தொடங்கிய, தெற்காசியக் கல்லறைகளுக்கான சங்கமான பாக்ஸா போன்ற அமைப்புகள் அவற்றைப் பதிவு செய்துவருகின்றன. 1777-இல் இறந்த, திருவிதாங்கூர்ப் படைத்தளபதியாக இருந்த டச்சுக்காரர் டிலனாயின் உதயகிரிக் கோட்டைக் கல்லறையைச் சுற்றுலா வருகிறவர்கள் எல்லாம் படம் எடுக்கிறார்கள். அதே ஊரில் வாழ்ந்து செத்த பனையேறிக்கும் கொத்தனாருக்கும் யார் படம் எடுப்பது? என் ஆதங்கம் அதுதான். அவர்களில் பலருக்குக் கல்லே வைக்கவில்லை. இடம் போதாத கோயில்களில் சில வருடம் கழித்து எலும்பை அஸ்திக்குழியில் போட்டுவிட்டு, அதே குழியில் அடுத்தவரை அடக்கம் செய்கிறார்கள். கல்லை மட்டும் நம்பினால், வசதி இருந்தவர்களின் வரலாறுதான் மிஞ்சும்.

அதனால்தான் பதிவேட்டை முதலில் வைக்கிறேன். ஒழுங்காக எழுதி வைத்த ஏட்டில் கல் இல்லாதவருக்கும் ஒரு வரி உண்டு: பெயர், வயது, தகப்பன் அல்லது கணவன் பெயர், அடக்கம் செய்த நாள். ஆனால் இருப்பது ஒரே பிரதி. மை மங்கும், செல்லரிக்கும். இணையத்தில் தேடவும் முடியாது. இதற்கு அனுமதியும் வேண்டும்: சிஎஸ்ஐ (தென்னிந்தியத் திருச்சபை) என்றால் போதகரிடம், கத்தோலிக்கம் என்றால் பங்குத்தந்தையிடம். சிஎஸ்ஐ-யிலோ எல்லைக்கு இந்தப் பக்கம் கன்னியாகுமரிப் பேராயம், அந்தப் பக்கம் தெற்குக் கேரள மகாயிடவகை என்று நிர்வாகம் வேறு பிரிந்திருக்கிறது. ஃபிளாஷ் போடாமல், பக்க எண் தெரியும்படி எடுத்து, ஒரு பிரதியைக் கோயிலுக்கே கொடுத்துவிடுங்கள். அண்மையில் இறந்தவர்களின் பக்கங்களை இணையத்தில் ஏற்றக் கூடாது.

கல்லைப் படம் எடுக்கிறவர்களுக்கும் ஒன்று. கம்பி பிரஷ், சாக்பீஸ், சோப்பு எதுவும் வேண்டாம். காலையிலோ மாலையிலோ வெயில் சாய்ந்து விழும்போது வெட்டெழுத்து தானாகவே எடுப்பாகத் தெரியும். பளபளப்பான கறுப்புக் கிரானைட்டில் நம் உருவமே தெரியும் என்பதால் சற்றுப் பக்கவாட்டில் நின்று எடுங்கள். நவம்பர் 2 கல்லறைத் திருநாளுக்கு எல்லோரும் சுண்ணாம்பு அடிப்பார்கள். அது பழைய எழுத்தை அடைத்துவிடும், அதனால் அக்டோபருக்குள் முடித்துவிட வேண்டும். திருநாளன்று கேமராவை வைத்துவிட்டு நோட்டுப் புத்தகத்தோடு போங்கள். எந்தக் குழி யாருடையது என்று சொல்லக்கூடிய பெரியவர்கள் எல்லோரும் அன்றைக்கு அங்கே இருப்பார்கள்.