26 டாலருக்கு ஒரு மேற்பலகை: அலாஸ்கா சிட்காவின் ‘ஏ’ தரம்

அகூஸ்டிக் கிட்டார் செய்யத் தொடங்குகிறவர் முதலில் தடுமாறுவது, தந்திகளுக்கு அடியில் இருக்கும் முன்பக்கப் பலகையான மேற்பலகையின் விலையில்தான். ஒரே வகை ஸ்ப்ரூஸ் என்னும் ஊசியிலை மரம், ஒரே அளவு, ஒரே ஆலை. ஆனால் ஓர் இணைக்கு, அதாவது ஒட்டினால் ஒரு மேற்பலகையாகும் இரண்டு பாதிகளுக்கு, 30 டாலருக்குள் கேட்பார்கள், பக்கத்து அடுக்கில் இருக்கும் இணைக்கு 100 டாலருக்கு மேல் கேட்பார்கள். சியாட்டிலுக்கு அருகே, வீட்டுக் கார் கொட்டகையின் ஒரு மூலையில் இதுவரை ஆறு கிட்டார்கள் செய்திருக்கிறேன். முதல் நான்குக்கும் ‘ஏஏஏ’ தரத்தையே வாங்கினேன். பழகாத கைக்கு நல்ல மரமாவது துணையாக இருக்கட்டும் என்ற பயம்தான் காரணம். சென்ற ஆண்டு அந்தப் பயத்தை ஒதுக்கிவிட்டு, அலாஸ்காவின் பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ் தீவில் இருக்கும் ஒரு சிறு மர ஆலையிலிருந்து, அவர்கள் பட்டியலில் கடைசித் தரமான ‘ஏ’யில் சிட்கா என்னும் ஸ்ப்ரூஸ் வகையின் ஐந்து இணைகளை வரவழைத்தேன். இணை ஒன்று 26 டாலர், அஞ்சல் செலவு 24 டாலர், ஆக மொத்தம் 154 டாலர்.

‘ஏ’, ‘ஏஏ’, ‘ஏஏஏ’, ‘மாஸ்டர்’ என்ற இந்த எழுத்துகளுக்குப் பொதுவான அளவுகோல் எதுவும் கிடையாது. ஒவ்வொரு ஆலையும் தன் கண்ணுக்குப் பட்டபடி தரம் பிரிக்கிறது. ஆண்டு வளையக் கோடுகள் நெருக்கமாகவும் சீராகவும் ஓடினால், நிறம் ஒரே மாதிரி வெளுத்திருந்தால், விலை ஏறுகிறது. நடுவில் ஒரு பழுப்புப் பட்டை ஓடினாலோ, ஓர் அங்குலத்துக்கு 20 கோடுகள் இருக்க வேண்டிய இடத்தில் எட்டே இருந்தாலோ இறங்குகிறது. ஓசைக்கு வேண்டியவை வேறு: எடை குறைவாக இருந்து விறைப்பு கூடியிருக்க வேண்டும், வளையங்கள் பலகையின் முகத்துக்குச் செங்குத்தாக நிற்க வேண்டும், நார் முகத்தை ஒட்டியே நேராக ஓட வேண்டும். இவை பெரும்பாலும் எழுத்தில் அடங்குவதில்லை. மேற்பலகை முக்கியமே இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. ஸ்பெயினின் கிட்டார் கைவினைஞர் அந்தோனியோ தெ தோரெஸ் 1862-இல் பக்கங்களையும் முதுகையும் காகிதக் கூழ் அட்டையால் செய்து, மேற்பலகைக்கு மட்டும் நல்ல ஸ்ப்ரூஸைப் போட்டு ஒரு கிட்டார் செய்தது அதன் முக்கியத்துவத்தைக் காட்டத்தான். மலிவு விலைக்கு வாங்கும்போது எதை விட்டுக்கொடுக்கிறோம் என்பதே என் கேள்வி.

பெட்டியைப் பிரித்ததும் ஒவ்வொரு பலகையையும் அளந்தேன். நீளம் 56 சென்டிமீட்டர், அகலம் 20.5, தடிமன் 4.3 மில்லிமீட்டர். டிரெட்நாட் என்னும் பெரிய உடல் கொண்ட கிட்டார் வடிவத்தின் அகன்ற பகுதி 39.7 சென்டிமீட்டர் என்பதால், இரண்டு பாதிகளையும் ஒட்டிய பின் ஓரத்தில் அரை சென்டிமீட்டர்தான் மிஞ்சும். இதற்குள் வேலையை முடிக்க வேண்டும். பிறகு சமையலறைத் தராசில் ஏற்றினேன். மிக லேசான இணை 398 கிராம், மிகக் கனமானது 462 கிராம். கண்ணுக்கு மிக அசிங்கமாகத் தெரிந்த இணை, அதாவது நடுவில் விரலகலத்துக்குச் செம்பழுப்புப் பட்டை ஓடியது, 405 கிராம்தான். குறுக்குவாக்கில் வளைத்துப் பார்த்தபோது ஐந்திலும் அதிகம் முரண்டு பிடித்ததும் அதுவே. நீளத்தில் கால் பங்கு தள்ளி ஓரத்தை இரு விரலால் பிடித்துத் தொங்கவிட்டு நடுவில் தட்டினால், மணி போல் நீண்டு ஒலித்தது.

ரன்-அவுட், அதாவது நார் சாய்ந்து ஓடும் குறையைத்தான் முக்கியமாகத் தேட வேண்டும். மரம் வளரும்போது தண்டின் நார் முறுக்கிக்கொண்டு போவதுண்டு. அப்படிப்பட்ட கட்டையை ரம்பத்தால் நேராக அறுத்தால், நார் பலகையின் முகத்தைத் துளைத்து வெளியே வந்துவிடும். நல்ல ஆலைகள் கட்டையை ஆப்பு வைத்துப் பிளந்து, பிளவு போன வழியிலேயே அறுப்பது இதனால்தான். வீட்டில் சோதிப்பது எளிது. புத்தகம் விரிப்பதுபோல் இரு பாதிகளையும் விரித்து வைத்து, முகத்தை இழைப்புளியால் லேசாகச் சீவிவிட்டு, சாய்ந்த வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். ஒரு பாதி வெளுத்தும் மறு பாதி இருண்டும் தெரிந்து, பலகைகளைத் தலைமாற்றித் திருப்பியதும் வெளிச்சமும் இருளும் இடம் மாறினால், நார் சாய்ந்திருக்கிறது. என் ஐந்தில் நான்கு தேறின. ஐந்தாவது அப்பட்டமாக நிறம் மாறியது. அதன் ஒரு முனையில் ஒரு விரல் நீளத்துக்கு வெடிப்பும் இருந்தது. படம் எடுத்து அனுப்பியதற்கு, வெடிப்புக்காக மாற்று இணை ஒன்றை இரண்டு வாரத்தில் அனுப்பினார்கள். ரன்-அவுட்டைப் பற்றி, ‘இந்தத் தரத்தில் அது வரத்தான் செய்யும்’ என்பதே பதில். பட்டியலில் அதை எழுதியிருந்தால் நான் குறை சொல்லியிருக்க மாட்டேன்.

மரம் வந்த வழி எனக்குப் பிடித்திருந்தது. எட்டு அங்குல அகலத்துக்குக் கணுவில்லாத பலகை வேண்டுமானால், அடிமரம் சில நூற்றாண்டுகள் வளர்ந்திருக்க வேண்டும். அத்தகைய மரங்களை அலாஸ்காவின் டோங்காஸ் தேசியக் காட்டில் உயிரோடு வெட்டுவதைப் பற்றிய சண்டை இன்னும் ஓயவில்லை. இந்த ஆலையினர் காற்றில் சாய்ந்தவற்றையும், பட்டுப்போய் நின்றவற்றையும், பழைய மரவெட்டுச் சாலைப் பாலங்களுக்குப் போட்டிருந்த பெருங்கட்டைகளையும் எடுத்து அறுக்கிறார்கள். பழுப்புப் பட்டைகளுக்கும் நிறக் கலப்புக்கும் ஓரளவு இதுவே காரணமாக இருக்கலாம்.

ஒரு விஷயத்தில் பொறுமை வேண்டும். காற்றில் உலர்த்தியது என்று எழுதியிருந்தாலும், அந்தத் தீவில் மழை ஓய்வதில்லை. பலகைகளுக்கு இடையில் மெல்லிய குச்சிகளை வைத்து அடுக்கி, ஈரப்பதம் 45 சதவீதத்தில் நிற்கும் அறையில் வைத்து, வாரம் ஒருமுறை எடை போட்டேன். ஓர் இணை ஆறு வாரத்தில் 431 கிராமிலிருந்து 419 கிராமுக்கு வந்து, அதன் பிறகே அசையாமல் நின்றது. வந்த அன்றே ஒட்டியிருந்தால், அந்த ஈரம் பிறகு வெளியேறும்போது மேற்பலகையை வெடிக்க வைத்திருக்கலாம்.

இதைவிட மலிவாகக் கிடைக்காதா என்று கேட்பவர்கள் உண்டு. டெய்லர் கிட்டார் நிறுவனத்தின் பாப் டெய்லர் 1995-இல் குப்பைக்குப் போகவிருந்த சரக்குப் பலகையிலிருந்தே ஒரு கிட்டார் செய்து காட்டினார். அதை நம்பி, வீடு கட்டும் மரக் கடையில் ‘எஸ்-பி-எஃப்’ (ஸ்ப்ரூஸ், பைன், ஃபர்) முத்திரை குத்திய பலகைகளை நானும் புரட்டியிருக்கிறேன். எங்கள் பக்கத்துக் கடைகளில் பெரும்பாலும் டக்ளஸ் ஃபர், ஹெம்-ஃபர் போன்ற வேறு ஊசியிலை மரங்களே குவிந்திருக்கும்; அகப்பட்ட ஒரு ஸ்ப்ரூஸ் பலகையிலும் செங்குத்து வளையம் கொண்ட பகுதி நான்கு அங்குலமே தேறியதால், நான்கு துண்டுகளை ஒட்ட வேண்டியதாயிற்று. 14 டாலர் மிச்சப்படுத்த இரண்டு மாலைகள் போயின. பழகுவதற்குச் சரி, அதற்கு மேல் இல்லை. செந்நிற ஸ்ப்ரூஸான அடிரோண்டாக்கில் ‘ஏ’ தரமே இந்தச் சிட்காவைப்போல் பல மடங்கு விலை சொல்கிறார்கள். இத்தாலிய ஸ்ப்ரூஸின் அஞ்சல் செலவு மரத்தின் விலையை எட்டிவிடுகிறது.

பழுப்புப் பட்டை ஓடிய இணையைத்தான் ஐந்தாவது கிட்டாருக்குப் போட்டேன். விறைப்பு கூடியிருந்ததால் 2.7 மில்லிமீட்டர் வரை துணிந்து இழைத்தேன். முந்தைய ‘ஏஏஏ’ பலகைகள் எதையும் 2.9-க்குக் கீழே கொண்டுபோக எனக்குத் தைரியம் வந்ததில்லை. தடித்த தந்திகளின் தாழ்ந்த ஓசை நன்றாகத் திறந்திருக்கிறது. பட்டையில் ஒரு பகுதி, தந்திகளைப் பிடித்திருக்கும் குதிரைக்கு (பிரிட்ஜ்) அடியில் போய் மறைந்துவிட்டது. மீதியைப் பார்த்து, வார்னிஷ் வழிந்துவிட்டதா என்று வாசித்த நண்பர் கேட்டார். ரன்-அவுட் இணையை, மேற்பலகையின் உள்பக்கம் தாங்கலாக ஒட்டும் பிரேஸ் கட்டைகளுக்குக்கூடப் பயன்படுத்த முடியவில்லை, ஏனெனில் அங்குதான் நார் நேராக இருப்பது எல்லாவற்றையும்விட அவசியம். பசையையும் வார்னிஷையும் பூசிச் சோதிக்கும் துண்டுகளாக அது தீர்ந்துகொண்டிருக்கிறது. அடுத்த முறையும் ‘ஏ’ தரமே கேட்பேன். ஆனால் பிளந்த கட்டையிலிருந்து அறுத்ததை மட்டும் அனுப்பும்படி எழுதி, அதற்கு இணைக்கு ஐந்து டாலர் கூடுதலாகக் கேட்டாலும் கொடுப்பேன்.