எண்ணும் எழுத்தும்: ஒரு பெற்றோரின் மதிப்பீடு

கொரோனா காலத்தில் பள்ளிகள் மூடிக்கிடந்ததால் நேர்ந்த கற்றல் இழப்பைச் சரிசெய்ய, எட்டு வயதுக்குட்பட்ட எல்லாக் குழந்தைகளும் 2025க்குள் எழுதவும் படிக்கவும் அடிப்படைக் கணக்குகளைப் போடவும் வேண்டும் என்ற இலக்குடன், தமிழ்நாடு அரசு 2022 ஜூனில் தொடங்கிய திட்டம் ‘எண்ணும் எழுத்தும்’. முதலில் மூன்றாம் வகுப்பு வரை இருந்தது, அடுத்த கல்வியாண்டில் நான்கு, ஐந்தாம் வகுப்புகளுக்கும் வந்தது. என் மகள் படிக்கும் அரசு தொடக்கப் பள்ளியில் இது நடக்கும் விதத்தை வைத்தே இந்த மதிப்பீட்டை எழுதுகிறேன்.

இத்திட்டத்தின் பலம், பிள்ளைகளை வயதை மட்டும் பார்த்து நடத்தாமல், அடிப்படைத் தேர்வு வைத்து அரும்பு (தொடக்க நிலை), மொட்டு (இடைநிலை), மலர் (வகுப்புக்குரிய நிலை) என மூன்று நிலைகளாகப் பிரிப்பதுதான். பாட்டும் கதையும் எல்லாருக்கும் பொது. பயிற்சி நூலைத் திறக்கும்போதுதான் வழிகள் பிரிகின்றன. நான் பார்த்த வகுப்பில், ஒரு சிறுவன் ககர அட்டைக்கு ஒருபுறம் கொம்பையும் மறுபுறம் காலையும் வைத்துக் ‘கொ’ உண்டாக்கிக்கொண்டிருக்க, அதே பாயில் என் மகள் படத்தைப் பார்த்துக் கதை எழுதிக்கொண்டிருந்தாள். பழைய முறையில் அந்தச் சிறுவன் கரும்பலகையில் இருப்பதைப் பார்த்து எழுதிவிட்டு, ஒன்றும் புரியாமலேயே ஐந்தாம் வகுப்புக்குப் போயிருப்பான்.

இந்த எண்ணம் நமக்குப் புதிதன்று. ஆந்திராவில் உள்ள ரிஷி பள்ளத்தாக்குப் பள்ளியின் முறையைப் பின்பற்றி, 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கி, பின்னர் மாநிலம் முழுவதும் பரவிய செயல்வழிக் கற்றலும், ஒவ்வொரு பிள்ளையும் தன் வேகத்தில் படிப்படியாக ஏறும் ஏணிப்படியும் அதற்கான பயிற்சி அட்டைகளுமாக, இதையே செய்தது. பிள்ளைகள் எழுதுவதற்காக அன்று சுவரின் அடிப்பகுதியில் அமைத்த தாழ்வான கரும்பலகைகள் எங்கள் பள்ளியில் இன்றும் பயன்படுகின்றன. அட்டைகளைத் தேடி அலையும் தொல்லை இல்லாமல் எல்லாவற்றையும் ஒரே நூலில் தந்திருப்பது, என் பார்வையில், இப்போதைய திட்டத்தின் முன்னேற்றம்.

குறை ஆள்பலத்தில் இருக்கிறது. ஈராசிரியர் பள்ளியில் ஒரே ஆசிரியர் மூன்று வகுப்புகளையும், அவற்றுக்குள் மூன்று நிலைகளையும் சேர்த்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. மற்றவர் பயிற்சிக்குப் போகும் நாளில் ஐந்து வகுப்புகளும் இவர் தலையில் விழுகின்றன. இதற்கு நடுவே மதிப்பீடுகளைக் கைப்பேசிச் செயலியில் பதிவேற்றும் வேலையும் உண்டு. இணைய வேகம் குறைந்த நாள்களில் அரும்பு நிலைப் பிள்ளைகளுக்குரிய நேரத்தைத்தான் இது முதலில் விழுங்குகிறது, மற்றவர்களாவது தாமாகவே பக்கத்தைப் புரட்டிக்கொள்வார்கள்.

காலை உணவு நேரத்துக்கு வருகிறது, சுவையாகவும் இருக்கிறது என்பதைச் சொல்லிவிட வேண்டும். பிள்ளையைச் சேர்க்க நினைப்பவர்கள் ஸ்மார்ட் வகுப்பறை இருக்கிறதா என்று கேட்பதைவிட, ஒன்று முதல் மூன்றாம் வகுப்பு வரைக்கு எத்தனை ஆசிரியர்கள் என்று கேட்டுக்கொள்வது நல்லது. இருவர் இருந்தால் தயங்காமல் சேர்க்கலாம்.