டிஜிட்டல் சாக்கடல் சுருள்கள்: வீட்டு வாக்குவாதத்துக்கு உதவுமா?

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தீர்க்கதரிசனம் நிறைவேறியதா இல்லையா என்று வீட்டில் மல்லுக்கட்டுகிறவர்களுக்கு இந்த இணையதளம் தீர்ப்பு எழுதித் தராது. எதைப் பற்றி இனிமேல் சண்டை போட வேண்டாம், எதைப் பற்றி இன்னும் நூறு வருஷம் போடலாம் என்று பிரித்துக் காட்டும். அந்த அளவுக்கே எனக்குப் பெரிய உபகாரம். காசு கிடையாது. நான் பார்த்தபோது கணக்குத் தொடங்கச் சொல்லவில்லை, போன் நம்பரும் கேட்கவில்லை.

எருசலேமில் உள்ள இஸ்ரேல் அருங்காட்சியகமும் கூகுளும் சேர்ந்து 2011-இல் வெளியிட்டது இது. சாக்கடல் கரையில் கும்ரான் குகைகளில் கிடைத்த பழைய யூதத் தோல் சுருள்களில் ஐந்தைப் படமெடுத்துப் போட்டிருக்கிறார்கள்: ஏசாயா பெருஞ்சுருள், ஆபகூக் விளக்கச் சுருள், ஆலயச் சுருள், போர்ச் சுருள், சமூக ஒழுங்குச் சுருள். படங்கள் 1,200 மெகாபிக்சல் வரை என்கிறார்கள். பெரிதாக்கிக்கொண்டே போனால் தோலின் சுருக்கம், மை உதிர்ந்த இடம், ஒரு தோலையும் அடுத்த தோலையும் சேர்த்த தையல் வரைக்கும் தெரிகிறது.

நான் பத்திர எழுத்தர். பாளையங்கோட்டைக்காரன், சிஎஸ்ஐ, ஞாயிற்றுக்கிழமை தவறாமல் கோயிலுக்குப் போகிறவன். பழைய பத்திரம் ஒன்று கைக்கு வந்தால் அதில் என்ன எழுதியிருக்கிறது என்று படிப்பதற்கு முன்னால் தேதி, கையெழுத்து, தாள் மாறும் இடம், அடித்தல் திருத்தல் இதையெல்லாம் பார்ப்பது தொழில் பழக்கம். எபிரெயுவில் எனக்கு ஓர் எழுத்துகூடத் தெரியாது. இருந்தாலும் இந்தச் சுருளையும் அப்படித்தான் பார்த்தேன்.

பார்க்க வேண்டி வந்ததற்குக் காரணம் இரண்டு பேர். ஒருவர் என் மச்சான், பெந்தெகொஸ்தே சபையில் மூப்பர். இன்னொருவர் பக்கத்துத் தெரு வாத்தியார், ஓய்வு பெற்றவர், பெரியார் கட்சி. இரண்டு பேரும் என் திண்ணையில்தான் மோதுவார்கள். பழைய ஏற்பாட்டில் ஏசாயா 53-ஆம் அதிகாரம் வந்துவிட்டால் டீ ஆறிப்போகும். "அடிக்கப்படும்படி கொண்டுபோகப்படும் ஆட்டுக்குட்டி, இது யாரு? இயேசுவுக்கு எழுநூறு வருஷத்துக்கு முன்னாலயே எழுதி வச்சிருக்கு மச்சான்" என்பார் அவர். வாத்தியார் விடமாட்டார். "நடந்து முடிஞ்சபிறகு உங்க ஆளுங்களே எழுதி முன்தேதி போட்டிருப்பாங்க வே. நீரு பார்க்காத முன்தேதிப் பத்திரமா?" இந்தக் கடைசி வார்த்தை எனக்குச் சொன்னது.

சரி, முன்தேதிதானா என்று பார்த்துவிடுவோம் என்று மடிக்கணினியில் 44-ஆம் பத்தியைத் திறந்து வைத்தேன். (சுருளில் பக்கம் கிடையாது, செய்தித்தாளில் மாதிரி நெடுக்கான பத்திகளாகத்தான் எழுத்து; மொத்தம் 54 பத்திகள், 17 தோல் துண்டுகள், ஏழு மீட்டருக்கு மேல் நீளம். வலமிருந்து இடமாக நகர்த்த வேண்டும். முதலில் கை தடுமாறும்.) 53-ஆம் அதிகாரம் முழுதாக அங்கே இருக்கிறது. வசனத்தின் மேல் சொடுக்கினால் ஆங்கிலத்தில் அர்த்தம் வருகிறது. சுருள் எழுதப்பட்டது ஏறக்குறைய கிமு 125 என்று தளமே சொல்கிறது. எழுத்தின் வடிவமும் கதிர்க்கரிமச் சோதனையும் கிமு 2-ஆம் நூற்றாண்டுப் பக்கமே கைகாட்டுகின்றன. இயேசு பிறப்பதற்கு நூறு வருஷத்துக்கு மேல் முன்னால். 1947 வாக்கில் இது கிடைக்கும்வரை, எபிரெயு வேதாகமத்தின் தேதி தெரிந்த முழுப் பிரதிகளில் பழையது கிபி 1008-இல் எழுதியதுதான். அதனால் அதற்கு முன் வாத்தியார் மாதிரி ஒருவர் சந்தேகப்பட்டிருந்தால் அதில் நியாயம் இருந்திருக்கும். இப்போது இல்லை. வாத்தியார் திரையைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "சரி, முன்தேதி இல்லை. ஒத்துக்கிடுதேன்" என்றார். அப்புறம் உடனே, "ஆனா அதிலே இயேசுன்னு எங்கே எழுதியிருக்கு?" என்றார். வாத்தியார் நினைவு வைத்திருந்தது ஏசாயா 49:3. அங்கே 'இஸ்ரவேலே, நீ என் தாசன்' என்று இருக்கிறது. 53-இல் பாடுபடும் தாசனும் இஸ்ரவேல் ஜனமே என்பது யூதர்களின் பழைய வாசிப்பு. இந்தக் கேள்விக்கு எத்தனை மெகாபிக்சல் இருந்தாலும் தோலில் பதில் கிடைக்காது.

மச்சானுக்கு உற்சாகம் பிறந்துவிட்டது. அடுத்து பாரசீகத்துக் கோரேசு ராஜாவைக் கொண்டுவந்தார். ஏசாயா தீர்க்கதரிசி கிமு 8-ஆம் நூற்றாண்டு. கோரேசு பாபிலோனைப் பிடித்தது கிமு 539. ஆனால் 44, 45-ஆம் அதிகாரங்களில் கோரேசின் பெயரே வருகிறது. அதனால் 40-ஆம் அதிகாரம் முதல் பின்னால் வந்த வேறொருவர் எழுதியது என்பது அறிஞர்கள் பலரின் முடிவு. மச்சான் அதற்கு மறுப்பாக 32-ஆம் பத்தியைத் திறக்கச் சொன்னார். யாரோ ஒரு பிரசங்கியார் சொல்லித் தந்திருக்கிறார். உண்மைதான்: 40-ஆம் அதிகாரம் அந்தப் பத்தியின் கடைசி வரியில், பெரிய இடைவெளி எதுவும் விடாமல் தொடங்கிவிடுகிறது. இரண்டு ஆள் எழுதியதாக இருந்தால் புதுப் பத்தியில் அல்லவா தொடங்கியிருப்பார்கள் என்பது வாதம்.

நான் 27-ஆம் பத்தியைக் காட்டினேன். 33-ஆம் அதிகாரம் முடிந்ததும் அடியில் மூன்று வரி அளவுக்கு வெற்றிடம். அடுத்த பத்தி புதுத் தோலில் தொடங்குகிறது. 54-இல் சரிபாதி. 2021-இல் நெதர்லாந்தின் க்ரோனிங்கன் பல்கலைக்கழகத்தார் கணினியைக் கொண்டு எழுத்துகளை ஆராய்ந்து, இந்த இடத்தை ஒட்டித்தான் கை மாறுகிறது, ஒரே மாதிரி எழுதப் பழகிய இரண்டு பேர் வேலை இது என்று வெளியிட்டார்கள். ஆக, இடைவெளி இருப்பதும் இல்லாததும் பிரதி எடுத்தவர்களின் வேலைப் பங்கீட்டைப் பற்றிச் சொல்லும். மூல ஆசிரியர் ஒருவரா இருவரா என்பதைப் பற்றி அல்ல. போதாததற்கு, கோரேசு காலத்துக்கும் இந்தச் சுருளுக்கும் நடுவில் நானூறு வருஷம். நகலை வைத்து மூலத்தை எழுதியது யார் என்று எந்தச் சார்பதிவாளரும் முடிவு சொல்ல மாட்டார். மச்சானுக்கு இது பிடிக்கவில்லை. நகல் உண்மையாக இருந்தால் போதாதா என்றார். நகல் உண்மையானதா என்பதற்கு 33-ஆம் பத்திக்குப் போனோம்.

இந்தத் தளத்தில் ஒரே ஒரு இடம்தான் பார்க்க நேரம் இருக்கிறது என்றால் இதைப் பாருங்கள். ஏசாயா 40:7, 8. 'புல் உலர்ந்து பூ உதிரும்' என்று இரண்டு வசனத்திலும் வருகிறது. எழுதியவரின் கண் முதல் இடத்திலிருந்து இரண்டாம் இடத்துக்குத் தாவி, நடுவில் இருந்தது விட்டுப்போயிற்று. எனக்கு நன்றாகத் தெரிந்த விபத்து. ஒரே எல்லை விவரம் இரண்டு தடவை வரும் பத்திரத்தில் இப்படித்தான் ஒரு வரி விழுங்கப்படும். பிற்பாடு வேறொரு கை வந்து விட்டுப்போனதை வரிக்கு மேலே பொடியாக எழுதி, இடம் பத்தாமல் ஓரத்தில் கீழ்நோக்கி வளைத்து இறக்கியிருக்கிறது. கடவுளின் பெயர் வர வேண்டிய இடத்தில் நான்கு புள்ளிகள் மட்டும். எழுதப் பயம். எபிரெயு தெரியாதவனுக்கும் இது அத்தனையும் தெளிவாகத் தெரிகிறது: எழுத்தின் அளவு வேறு, சாய்வு வேறு. 'நமது தேவனுடைய வசனமோ என்றென்றைக்கும் நிற்கும்' என்ற வசனத்தில்தான் இந்த அடித்தல் திருத்தல். வாத்தியார் தொடையைத் தட்டிச் சிரித்தார். மச்சான் சிரிக்கவில்லை, "திருத்தினானே, விடலையே" என்றார். என் தொழில்படி பார்த்தால் மச்சான் பக்கம்தான் எனக்குச் சாய்வு. திருத்தம் வெளியே தெரிகிற ஆவணத்தைத்தான் நான் நம்புவேன்.

ஆபகூக் சுருளைப் பலர் திறந்தே பார்க்க மாட்டார்கள் என்று நினைக்கிறேன். சின்னது, ஒன்றரை மீட்டர், 13 பத்திகள். ஆனால் தீர்க்கதரிசன வாக்குவாதத்துக்கு ஏசாயாவை விட இதுதான் சரக்கு. மொழிபெயர்ப்பை ஒரு புத்தகத்திலிருந்து பக்கத்தில் வைத்துக்கொண்டு பார்த்தேன். ஒரு வசனத்தை எழுதுவது, பிறகு 'இதன் பொருள்' என்று தொடங்கி அது எங்கள் காலத்தைப் பற்றியது என்று சொல்வது, இதுதான் சுருளின் நடை. ஆபகூக் தீர்க்கதரிசி சொன்னது கல்தேயரை, அதாவது பாபிலோன்காரர்களை. சுருளை எழுதிய யூதக் குழுவினர் அது கித்தீமைக் குறிக்கும் என்கிறார்கள்; தங்கள் படைக்கொடிகளுக்குப் பலியிடுகிறவர்கள் என்று அடையாளமும் தருகிறார்கள். ரோமர்கள்தான். 7-ஆம் பத்தியில், தீர்க்கதரிசிக்கே முடிவுகாலம் தெரிவிக்கப்படவில்லை, எங்கள் நீதியின் போதகருக்குத்தான் (அந்தக் குழுவின் தலைவர்) எல்லா இரகசியமும் தெரிவிக்கப்பட்டது என்கிறார்கள். அதற்குச் சற்றுக் கீழே, கடைசிக்காலம் தீர்க்கதரிசிகள் சொன்ன எல்லாவற்றையும் தாண்டி நீளும் என்று ஒரு சமாதானம். எழுதியது கிமு 1-ஆம் நூற்றாண்டின் பிற்பாதி. அப்போதே தாமதத்துக்கு விளக்கம் சொல்ல வேண்டியிருந்திருக்கிறது. அவர்கள் வாழ்ந்ததாகக் கருதப்படும் கும்ரானைக் கிபி 68-இல் ரோமர் படை அழித்தது.

தீர்க்கதரிசனத்தைத் தங்கள் நாளோடு பொருத்திப் பார்ப்பது அப்போஸ்தலர் பவுல் கண்டுபிடித்த தந்திரம் என்று வாத்தியார் வழக்கமாகச் சொல்வார். அது அடிபட்டுப் போகிறது. இயேசுவுக்கு முன்னால் யூதர்களே இதைத்தான் செய்தார்கள். 'நீதிமான் விசுவாசத்தினாலே பிழைப்பான்' என்ற அதே வசனத்தை இவர்கள் தங்கள் போதகர்மேல் வைக்கும் விசுவாசம் என்று எடுத்துக்கொண்டார்கள், பவுல் கிறிஸ்துவின்மேல் வைக்கும் விசுவாசம் என்று எடுத்துக்கொண்டார். மச்சானுக்கு இங்கேதான் சங்கடம். தன் சபையில் நடக்கிற அதே வாசிப்பு, அதே நிச்சயம், ஆனால் வேறொரு போதகர். நெடுநேரம் பேசாமல் இருந்துவிட்டு, "'தாமதித்தாலும் அதற்குக் காத்திரு'ன்னு அதே அதிகாரத்திலேதான் இருக்கு" என்றார்.

இனி குறைகள். தமிழில் எதுவும் இல்லை. கைப்பேசியில் பார்ப்பது வீண். 27-ஆம் பத்தியின் வெற்றிடமெல்லாம் பெரிய திரையில்தான் புலப்படும். இணைப்பு மெதுவாக இருந்தால் படம் கட்டம் கட்டமாக வந்து பொறுமையைச் சோதிக்கும். தானியேல் இந்த ஐந்தில் இல்லை. எழுபது வாரம், நான்கு மிருகம் என்று மோதுகிறவர்கள் இஸ்ரேல் தொல்பொருள் துறை 2012-இல் தொடங்கிய இன்னொரு தளத்துக்குப் போக வேண்டும். கும்ரானில் கிடைத்த தானியேல் பிரதிகளின் துண்டுகள் பல அங்கேதான். அது ஆராய்ச்சியாளருக்கானது, திண்ணைக்கு ஒத்துவராது.

புனிதப் பயணம் போகிறவர்கள் நேரில் பார்த்துக்கொள்ளலாம் என்று இதை ஒதுக்கிவிட வேண்டாம். அருங்காட்சியகத்தின் சுருள் மண்டபத்தின் நடுவில் வழக்கமாக வட்டமாக விரித்து வைத்திருப்பது ஏசாயா சுருளின் நகல். அசல் பெரும்பாலும் பாதுகாப்பில்தான் இருக்கும். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று பார்ப்பதைவிட வீட்டில் இருந்து பார்ப்பதில் கூடுதலாகத் தெரியும். ஐந்துக்கு நான்கு தருவேன். ஒற்றைக்கு உட்கார்ந்து பார்த்தால் அரை மணியில் அலுத்துவிடும். எதிர்க்கட்சிக்காரர் ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு 33-ஆம் பத்தியில் தொடங்குங்கள், ஆபகூக்கை அப்புறம் திறங்கள்.