ஏல் ஈஸ்ட்டா, லாகர் ஈஸ்ட்டா?

ஏல், லாகர் இரண்டும் பீர் வகைகள்; ஒவ்வொன்றுக்கும் ஈஸ்ட் வேறு. வீட்டில் முதல்முறை பீர் காய்ச்சுபவருக்கு நான் ஏல் ஈஸ்ட்டைத்தான் சொல்வேன். அது நொதிக்க 18 முதல் 22 டிகிரி செல்சியஸ் போதும். பத்து நாளில் பெரும்பாலும் நொதித்து முடிந்துவிடும். ஆனால் நொதிக்கும்போது ஈஸ்ட்டே சூடு கிளப்பும். அறை 20 டிகிரி என்றால் பீர் நொதிக்கும் வாளிக்குள் 23, 24 கூடக் காட்டும். அதனால் வெப்பமானியை வாளியின் மேலேயே ஒட்டுங்கள். முதல் மூன்று நாள் சூடு ஏறிவிட்டால் பழவாசம் தூக்கலாகி, தொண்டையில் சாராயக் காரம் நிற்கும்.

லாகர் ஈஸ்ட்டுக்கு 8 முதல் 13 டிகிரி. ஜெர்மனியின் பவேரியாவில் 1553-இல் கோடையில் பீர் காய்ச்சவே தடை போட்டார்கள். அதனால் குளிர்காலத்தில் மட்டும் காய்ச்சிய அங்கே, குளிரில் வளர்ந்த ஈஸ்ட் இது. ஃப்ரிட்ஜ் இல்லையென்றால் இறங்காதீர்கள். ஈஸ்ட்டும் ஏறக்குறைய இரண்டு மடங்கு போட வேண்டும். நொதிப்பு முடியும் தறுவாயில் இரண்டு மூன்று நாள் 16, 18 டிகிரிக்கு ஏற்றினால் வெண்ணெய் வாசம் போய்விடும். அப்புறம் உறைநிலையை ஒட்டிய குளிரில் நாலைந்து வாரம் வைத்திருக்க வேண்டும்.